முதுகில் எட்டாத இடம்

நாக்சோஸ் தீவுக்கு டிக்கெட் விலை பார்த்தேன்,
மூன்று இரவு, மூன்று விலை.
நான்காம் இரவு மடிக்கணினியை மூடிவிட்டு
வியாழக்கிழமைக்கு லீவு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'சொந்த வேலை' என்று போட்டேன்.
வேலை எதுவும் இல்லை.
சொந்தம் மட்டும் உண்மை.

விக்டோரியா பாயின்ட் துறையிலிருந்து
கூச்சிமட்லோவுக்குப் பத்தே நிமிஷம்.
படகில் நான்,
மைக்ரோவேவ் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவர்,
அப்புறம் டீசல் வாசம்.
வெள்ளைச் சுவர் இல்லை, நீலக் கதவு இல்லை.
செம்பாறை இருந்தது. பட்டை உரியும் பேப்பர்பார்க் மரங்கள் இருந்தன.
திருக்கை உண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நட
என்றொரு பலகை இருந்தது.
தேய்த்து நடந்தேன். கொலுசு இருந்திருந்தால்
நாட்டியம் என்று நினைத்திருப்பார்கள்,
நினைக்க அங்கே ஆள் இருந்திருந்தால்.

நான் பிரிஸ்பேன் பேருந்துகளுக்கு நேரம் போடுகிறவள்.
ஏழு நாற்பத்திரண்டு என்று நான் எழுதினால்
எங்கோ ஒரு மழையில் ஒருவர்
ஏழு நாற்பத்தைந்தில் என்னைத் திட்டுகிறார்.
பதினோரு வருஷத் திட்டு.
கைக்கடிகாரத்தைக் கழற்றிச் செருப்புக்குள் போட்டேன்.

துண்டு விரித்தபோது தண்ணீர் காலடியில் இருந்தது.
கண்ணயர்ந்து விழித்தால்
கடல் எழுந்து போயிருந்தது.
கால் மைல் தூரத்தில் ஒரு கோடாக மினுங்கிற்று.
அதற்கும் சொந்த வேலை போல.

விட்டுப்போன ஈர மணலில்
நீல நண்டுகள், கோலிக்குண்டு அளவு,
ஆயிரம் இருக்கும்.
நண்டென்றால் பக்கவாட்டில்தான் போகும் என்று
எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன்.
இவை நேராக நடந்தன, முன்னோக்கி,
ஆபீஸ் விட்ட கூட்டம் மாதிரி.
ஒரு அடி வைத்தேன்.
எல்லாம் திருகாணியாய்ச் சுழன்று மண்ணுக்குள்.
மன்னிக்கணும் என்று தமிழில் சொன்னேன்.
அன்றைக்கு அதுவரை நான் பேசிய ஒரே வாக்கியம்.

ஐஸ்கிரீம் டப்பாவில் தயிர் சாதம்,
வழியில் வாங்கிய உப்பு வினிகர் சிப்ஸ்.
கடற்காகம் ஒன்று பக்கத்தில் வந்து
கணக்கு கேட்கிற மாதிரி நின்றது.
கொடுக்கவில்லை.
வீட்டில் எப்போதும் கடைசிக் கவளம்தான் எனக்கு.
இன்று முதல் கவளமும் நானே, கடைசியும் நானே,
நடுவில் விழுந்த மணலும் எனக்கே.

நனைந்த நாயோடு ஒரு பெண் வந்தாள்.
'நீங்கள் மட்டும்தானா?' என்று இங்கிலீஷில் கேட்டாள்.
என் காதில் அது
'தனியா?' என்று விழுந்தது.
தனியா.
அடுக்களையில் மூன்றாம் டப்பா.
வறுத்தால்தான் மணக்கும்.
ஆமாம், என்றேன், சிரித்துவிட்டேன்,
எதற்கென்று அவளுக்குத் தெரியாது.
'முதுகில் க்ரீம் தடவி விடட்டுமா, வெயில் கடுமை' என்றாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.
நல்ல பெண்தான்.

பிறகு கடல் திரும்பி வந்தது,
மன்னிப்பும் கேட்காமல்,
யாரும் எதிர்பார்த்துத் திட்டாமல்.
எனக்கு நீச்சல் வராது.
முழங்கால் தண்ணீரில் மல்லாந்து படுத்தேன்.
காதுகள் மூழ்கின.
உள்ளே என் மூச்சு மட்டும்,
பக்கத்து அறையில் யாரோ நிம்மதியாகத் தூங்குவது போல.
கொண்டுபோன புத்தகம் முப்பத்தோராம் பக்கத்தில்
கவிழ்ந்து கிடந்தது கரையில்.
கிடக்கட்டும்.

நான்கரைப் படகைக் கண்ணெதிரே விட்டேன்.
வேண்டுமென்றேதான் விட்டேன்.
ஐந்து மணிப் படகு ஐந்து ஏழுக்கு வந்தது,
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, டிப்போ.
'நேற்று உடம்பு சரியில்லையா?' என்கிறான் கிரெய்க்.
பதில் சொல்ல நாற்காலியில் சாய்கிறேன்.
சுரீர்.
இரண்டு கையும் எட்டாத இடம்,
தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலம்,
வெயில் அதை மட்டும் கண்டுபிடித்துச் சுட்டிருக்கிறது.
நல்லாத்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டு
இன்னொரு முறை சாய்கிறேன்.